தளபதி பாட்டுகள்: மும்பையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிரத்னம் இயக்கி, இளையராஜா இசையமைத்து, 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி' படத்தின் பாட்டுகளைப் பற்றிய பக்கம் இது. ரஜினி, மம்மூட்டி, ஷோபனா, ஸ்ரீவித்யா, அரவிந்த்சாமி நடித்த படம். மகாபாரதக் கர்ணனைத் தூக்கி நம் காலத்தில் வைத்த கதை. பாட்டெல்லாம் வாலி. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இருக்கிற நம் ஆட்கள், இங்கேயே பிறந்து வளர்ந்து தமிழைக் காதால் மட்டும் பழகிய பிள்ளைகள், அவர்களோடு வேலை பார்க்கிற மராத்தி நண்பர்கள் எல்லாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வாய் வலி மிச்சம் என்றுதான் இதை எழுதுகிறேன். எந்த வரிசையும் கிடையாது, வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

ராஜா இத்தனை படம் பண்ணியிருக்கிறார், ஏன் தளபதி?

மும்பையில் இருந்துகொண்டு ராஜாவைக் கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கட்சி. எல்லாரும் 'நாயகன்' சொல்வார்கள், தாராவிக் கதை என்பதால். ஆனால் வேடிக்கை என்னவென்றால் நாயகனில் வரும் அந்தத் தாராவி, தோட்டா தரணி சென்னையில் போட்ட செட். மும்பைக் கதைக்குச் சென்னையில் தாராவி கட்டினார்கள். மும்பைக்குச் சம்பந்தமே இல்லாத தளபதிக்கு இங்கே வந்து வாசிக்க வைத்தார்கள். நம் ஊர்க் கைகள் அந்த இசையில் இருக்கின்றன.

இரண்டாவது காரணம், ராஜாவின் மெலடி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு இந்த ஏழு பாட்டு போதும். ட்யூன் இனிமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள். அந்த ட்யூனுக்கு அடியில் என்ன ஓடுகிறது, படத்தில் அது யாருக்குச் சொந்தம், எந்த இடத்தில் அதை நிறுத்துகிறார், இதெல்லாம் சேர்ந்துதான் அவருடைய மெலடி. கீழே வரும் பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதைத்தான் சொல்லப்போகின்றன, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

மும்பையில் பதிவு பண்ணினார்கள் என்பது உண்மையா? ஆர்.டி. பர்மன் ஆட்கள் வாசித்தார்களாமே?

'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' பாட்டுக்கு ஹிந்தி இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனின் வாத்தியக் குழுவில் இருந்தவர்கள் வாசித்தார்கள், நோட்ஸைப் பார்த்து வாசித்து முடித்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்பது ரசிகர்கள் நடுவில் ரொம்ப நாளாகச் சொல்லப்படுகிற கதை. கை தட்டலைப் பற்றி நான் சத்தியம் பண்ணப்போவதில்லை. ஆனால் அவர்கள் ஏன் அசந்து போயிருப்பார்கள் என்று புரிந்துகொள்ள இந்த ஊர் சினிமா இசை எப்படி நடந்தது என்று கொஞ்சம் தெரிய வேண்டும், அது எனக்குப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பழைய பம்பாய் வாத்தியக் குழுக்களில் வயலின், செல்லோ, டிரம்பெட் வாசித்தவர்களில் ஏகப்பட்ட பேர் கோவாக்காரர்கள். கோவாவில் தேவாலயத்தோடு சேர்ந்த பள்ளிகளில் சின்ன வயதிலேயே மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு படிக்கக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். எழுதி முன்னால் வைத்தால் போதும், படித்துக்கொண்டே வாசித்துவிடுவார்கள். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டுக் காட்டுவார். அதை முப்பது நாற்பது வாத்தியத்துக்குப் பிரித்து எழுதுவது அரேஞ்சர் என்ற தனி ஆளின் வேலை. சங்கர்–ஜெய்கிஷனுக்கு செபாஸ்டியன் டிசோசா இருந்தார். பர்மனுக்கு பாசு சக்கரவர்த்தியும் மனோகரி சிங்கும் இருந்தார்கள். மெட்டு ஒருவருடையது, அதற்குப் போட்ட உடை இன்னொருவருடையது. ஹிந்திப் பாட்டில் வயலின் கூட்டம் அழகாக வருகிறதே என்று நாம் வாய் பிளக்கும்போது அந்தப் பெருமையில் பாதி, டைட்டில் கார்டில் சின்ன எழுத்தில் போன ஒருவருக்குச் சேர வேண்டியது.

ராஜாவிடம் இந்தப் பிரிவினையே இல்லை. மெட்டும் அவர், அரேஞ்சரும் அவர். வயலினுக்கு என்ன, செல்லோவுக்கு என்ன, பேஸ் கிதார் எந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டும் என்று முழுவதையும் காகிதத்தில் கையால் எழுதிக் கொடுத்துவிடுவார், அதுவும் யோசித்து யோசித்து இல்லை, கடிதம் எழுதுகிற வேகத்தில் என்று அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சென்னையில் அவருக்கென்று பழகிய ஆட்கள் இருந்தார்கள்: வயலின் வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன் (அருண்மொழி என்ற பெயரில் பாடவும் செய்தவர்), பேஸ் கிதார் சசிதரன். அவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். இங்கே, வாழ்நாள் முழுக்க அரேஞ்சர் எழுதியதை வாசித்தவர்களுக்கு, இசையமைப்பாளரே எழுதிக்கொண்டு வந்து வைத்த தாள் எப்படி இருந்திருக்கும்!

அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ரா என்றால் சத்தமாகத்தானே இருக்கும்? மெலடிப் பாட்டு என்கிறீர்கள்?

நிறையப் பேர் வாசித்தால் சத்தம் கூடும் என்று அவசியம் இல்லை. ஒரே வரியை நாற்பது பேர் மெதுவாக வாசித்தால் அதில் வருகிற அடர்த்தி வேறு, நான்கு பேர் ஓங்கி வாசித்தால் வருகிற இரைச்சல் வேறு. தளபதியில் முதல் வகைதான் அதிகம்.

சரி, சுந்தரி பாட்டை எப்படிக் கேட்பது? ஏழு நிமிடம் ஓடுகிறது, எனக்குப் பல்லவி மட்டும்தான் மனதில் நிற்கிறது.

பல்லவி மனதில் நிற்பது இயல்பு, அதற்காகத்தான் அது போட்டிருக்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடியது, கல்யாணி ராகத்தின் சாயல். முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள், தப்பே இல்லை.

இரண்டாவது தடவை வார்த்தையைக் கேளுங்கள். இது டூயட் மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஒரு வாக்குவாதம் நடக்கிறது. போருக்குப் போகிறவனைப் பார்த்து அவள், நீ சொன்ன வார்த்தையெல்லாம் காற்றோடு போய்விட்டால் நியாயமா என்று கேட்கிறாள். அவன், வாளைப் பிடித்து நின்றாலும் நெஞ்சில் நீதான், களத்தில் விழுந்தாலும் உயிர் உன்னிடம்தான் வரும் என்கிறான். இதை எழுதிக் காட்டினால் வழக்கமான சினிமாக் காதல் வசனம். ஆனால் ஜானகி அந்தக் கேள்வியைக் கேட்கிற விதத்தில் செல்லமும் இருக்கிறது, நிஜமான பயமும் இருக்கிறது, எஸ்.பி.பி. பதில் சொல்லும்போது குரலைத் தூக்கி வீரம் காட்டாமல், தோளில் கை வைத்துப் பேசுகிற அளவுக்கு இறக்கி வைத்துக்கொள்கிறார். ரஜினிக்குப் பாடுகிறோம் என்று நினைத்து வழக்கமான கம்பீரத்தைக் கொண்டுவந்திருந்தால் பாட்டு கெட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது தடவை, குரலை விட்டுவிடுங்கள். இது கஷ்டம், காது திரும்பத் திரும்பக் குரலுக்கே ஓடும், பரவாயில்லை, இழுத்துப் பிடியுங்கள். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு விடுகிற இடத்தில் என்ன நடக்கிறது? நீண்ட ஸ்வரத்தில் குரல் நிற்கும்போது வயலின்களும் கூடவே நிற்கின்றனவா, நகர்கின்றனவா? பேஸ் கிதார் ட்யூனோடு சேர்ந்து போகிறதா, தன் வழியில் போகிறதா? 'நான் உனை நீங்க மாட்டேன்' என்று மெட்டு மேலே ஏறுகிற இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பத்து தடவை ஓட்டுங்கள், போதும். குரல் ஒரு மெட்டு, அதற்கு அடியில் இன்னொரு மெட்டு, அது தனியாகவே பாடக்கூடியது. அதைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் அப்புறம் எந்த ராஜா பாட்டையும் நீங்கள் பழைய மாதிரி கேட்க முடியாது.

நான்காவது, இடையிசை. படத்தில் இந்தப் பாட்டு ஒரு கற்பனை: அவன் பழங்காலப் போர்வீரன், குதிரை, வாள், களம். காதலர்கள் இருக்கும் இடத்திலிருந்து களத்துக்கு வெட்டிப் போகும்போது இசையும் தாவுகிறது, வாத்தியக் கூட்டம் முழுதும் எழுந்து வருகிறது, அதற்குப் பிறகு சரணத்துக்குள் இறங்கும்போது ஒரு குலுக்கலும் இல்லை. ஒரு வண்டி மலையிலிருந்து வேகமாக இறங்கி வந்து பிரேக் போட்ட சத்தமே கேட்காமல் வீட்டு வாசலில் நிற்பது போல. இதை எழுதித்தான் செய்ய முடியும், வாசிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வராது.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதற்குப் படம் பார்க்க வேண்டும். உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று பாடிய இந்த ஜோடி படத்தில் சேர்வதில்லை. அவள் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், அந்த வேறொருவர் அவனுடைய தம்பியே. அது தெரிந்த பிறகு இந்தப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு காதல் பாட்டை ஏன் வழியனுப்புகிற பாட்டாக, போர்ப் பாட்டாகப் போட்டார்கள் என்று அப்போது தெரியும்.

ராக்கம்மா குத்துப் பாட்டு, அதற்கு நடுவில் எதற்குத் தேவாரம்?

எனக்கு மொத்தப் படத்திலும் பிடித்த நிமிடம் அதுதான், அதனால் இந்தப் பதிலில் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

ஆட்டமும் கைதட்டலுமாகத் தெருவே அதிர்கிறது. எஸ்.பி.பி. உச்சத்தில் இருக்கிறார். அப்படியே நிற்கிறது. ஸ்வர்ணலதாவின் குரலில் 'குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயிற் குமிண்சிரிப்பும்' வருகிறது, ஷோபனாவும் கூட இருப்பவர்களும் கோயிலில் பாடுவதாக. அப்பர் தில்லை நடராஜரைப் பார்த்துப் பாடியது, நான்காம் திருமுறை. பக்தி டச் கொடுத்திருக்கிறார்கள் என்று பலரும் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று பாருங்கள்: அந்த எடுத்த பாதத்தைக் காணக் கிடைத்தால் 'மனித்தப் பிறவியும் வேண்டுவதே இந்த மாநிலத்தே'. மனிதனாகப் பிறந்ததுகூட வேண்டியதுதான் என்கிறார் அப்பர். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவன் யார்? பிறந்த அன்றே கூட்ஸ் வண்டியில் போட்டு அனுப்பப்பட்டவன். தான் ஏன் பிறந்தோம் என்பதே தீராத கேள்வியாக இருக்கிறவன். படத்தில் யாரும் இதை வசனமாகப் பேசவில்லை. ரஜினி முகத்தில் சிரிப்பு அடங்குகிறது, அவ்வளவுதான்.

இசை ரீதியாகவும் அது ஒரு துணிச்சல். வேகம் ஏறிக்கொண்டே போகிற பாட்டை நடுவில் நிறுத்தினால் தியேட்டரில் விசில் நின்றுவிடும், திரும்ப எழுப்புவது கஷ்டம். இங்கே மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது. ராஜா தேவாரத்துக்கு உட்கார வைத்தார், முடிந்ததும் மறுபடி எழுப்பினார்.

பாட்டைப் படமாக்கியது கர்நாடகாவில் மேல்கோட்டையில், அந்தப் பாதி கட்டிய ராயகோபுரத்தில். பெங்களூர், மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

பிபிசி உலகத்தின் சிறந்த பாட்டு என்று சொன்னதாமே?

2002இல் பிபிசி உலக சேவையின் 70ஆம் ஆண்டை ஒட்டி நடந்த வாக்கெடுப்பில் ராக்கம்மா நான்காவது இடம் பிடித்தது. நேயர்கள் போட்ட ஓட்டு அது. நம் ஆட்கள் ஓட்டுப் போடுவதில் எவ்வளவு சுறுசுறுப்பு என்று தெரியாதா? பாட்டு நல்ல பாட்டு, அதற்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

யமுனை ஆற்றிலே பாட்டு ஆரம்பித்ததும் முடிந்துவிடுகிறதே, முழுப் பாட்டு எங்கே கிடைக்கும்?

அதுதான் முழுப் பாட்டு. ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மிதாலி பானர்ஜி பௌமிக் பாடியது, வங்காளக் குரல். உச்சரிப்பில் தமிழ் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கும், எனக்கு அது இடைஞ்சலாகப் படவில்லை. யமுனைக் கரையில் கண்ணனுக்காக ராதை காத்திருக்கிறாள், அவன் வரவில்லை, பாவம் ராதை என்று முடிகிறது. ஷோபனாவின் பாத்திரத்துக்கு நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற பாட்டு. இன்னும் இரண்டு சரணம் இருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று கேட்பவர்களுக்கு: இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சின்னத் தாயவள் பாட்டைக் கேட்டால் எங்கள் அம்மா அழுகிறார். அப்படி அதில் என்ன இருக்கிறது?

அம்மாக்கள் அழுவதற்கு ஜானகி குரல் ஒன்றே போதும். ஆனால் படத்தைத் திரும்பப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம், இந்த மெட்டு பாட்டாக வருவதைவிடப் பின்னணியாக வருவதுதான் அதிகம். ஸ்ரீவித்யா வருகிற இடங்களில், ரயில் சத்தம் கேட்டு அவர் நிமிர்கிற இடங்களில், புல்லாங்குழலில் அந்த மெட்டு எட்டிப் பார்க்கும். குழந்தையைக் கூட்ஸ் வண்டியில் வைத்து அனுப்பிய பெண்ணுக்கு ரயில் கூவல் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும், அவர் பக்கத்தில் இருக்கிற மகனுக்குத் தெரியாது. இசைக்குத் தெரியும். படத்தில் தாயும் மகனும் நெடுநேரம் ஒருவரை ஒருவர் அறியாமலே இருக்கிறார்கள், அவர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த மெட்டு மட்டும்தான். ஆகவே அது கடைசியில் வரும்போது நமக்குப் பழகிய சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுகிறது, அழுகை தானாக வருகிறது.

இன்னொன்றும் உண்டு. ராஜாவின் அம்மா பெயர் சின்னத்தாய். 'சின்னத் தாயவள் தந்த ராசாவே' என்று எழுதி வாலி எதிரில் உட்கார்ந்திருந்தவரிடமே கொடுத்திருக்கிறார். படத்துக்கும் பொருந்தி, இசையமைத்தவருக்கும் பொருந்துகிற வரி. வாலிக்கு இந்தக் குறும்பு கைவந்த கலை.

மார்கழி தான், காட்டுக்குயிலு ரெண்டும் பொங்கல் பாட்டுத்தானே?

இரண்டும் போகிப் பாட்டு. முதலாவது கறுப்பு வெள்ளையில் வரும் ஆரம்பத்தில், ஊரே போகி கொண்டாடும்போது அந்தச் சின்னப் பெண், ஓர் ஆண் குழந்தையைப் பெற்று, கூட்ஸ் வண்டியில் விடுகிறாள். கோரஸ் குரல்கள் குதூகலமாகப் பாடுகின்றன, அவளுக்கு அந்தக் குதூகலத்தில் பங்கு இல்லை. வருடங்கள் கழித்து அதே போகியில் அந்தப் பையன் நண்பனோடு ஆடுகிற பாட்டு காட்டுக்குயிலு. எஸ்.பி.பி.யும் யேசுதாசும் பாடியது. பழசையெல்லாம் சுட்டுத் தள்ளு, இப்போதுதான் புதிதாகப் பிறந்தோம் என்று நினைத்துக்கொள் என்று பாடுகிறார்கள். அது போகி நெருப்புக்குப் பொருத்தம், அவன் பிறப்புக்கு இன்னும் பொருத்தம். எந்தப் பண்டிகையில் தூக்கி எறியப்பட்டானோ அதிலேயே அவனைக் கொண்டாட வைத்துவிட்டார்கள்.

இந்த இரண்டு குரல்களையும் வைத்து யார் பெரிய பாடகர் என்று சண்டை போடுகிறவர்கள் தயவுசெய்து வேறு பாட்டு தேடிக்கொள்ளுங்கள். இது நட்புப் பாட்டு, ஒருவர் இன்னொருவருக்கு வழி விடுவதுதான் இதில் அழகு.

புத்தம் புதுப் பூ பூத்ததோ பாட்டு படத்தில் எங்கே வருகிறது?

வராது. யேசுதாசும் ஜானகியும் பாடியது, கேசட்டில் இருந்தது, படத்தில் இல்லை. கேசட்டைக் கேட்டுவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்கள் இதற்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள். படத்தின் கதைக்கு வெளியே தனியாக நிற்பதால் அதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. காலையில் கேட்க நல்ல பாட்டு.

ராகம் தெரியாமல் இதையெல்லாம் ரசிக்க முடியுமா?

முடியும். ராகம் தெரிந்தால் கூடுதலாக ஒரு கதவு திறக்கும், அவ்வளவுதான். சில ராகங்களைச் சினிமா வழியாகவே காதில் ஏற்றிக்கொள்ளலாம்: 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' கேட்டால் ரீதிகௌளை, 'ராஜ ராஜ சோழன் நான்' கேட்டால் கீரவாணி, 'ஆனந்த ராகம்' கேட்டால் சிம்மேந்திர மத்யமம், 'பனிவிழும் மலர்வனம்' கேட்டால் சலநாட்டை. கல்யாணிக்கு 'சிந்து பைரவி' படத்துக் 'கலைவாணியே'; அதில் ராஜா ஆரோகணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதாவது ஸ்வரங்கள் மேலே ஏறுகிற வரிசையிலேயே முழுப் பாட்டையும் போட்டிருக்கிறார். அதையும் சுந்தரியையும் அடுத்தடுத்துப் போட்டால், ஒரே ராகத்தை ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக முடியும் என்று ஆச்சரியமாக இருக்கும்.

இந்த ஊரில் இருப்பதில் ஒரு வசதி, கல்யாணி என்று சொல்ல வேண்டாம், ஹிந்துஸ்தானியில் அதற்கு இருக்கிற பெயரைச் சொல்லி யமன் என்றால் போதும். பக்கத்து வீட்டு மராத்தி ஆஜோபாவே (தாத்தாவே) தலையாட்டிவிட்டு இரண்டு வரி முனகுவார்.

ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் பாட்டு புரிந்துவிட்டது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இதற்குப் பிறகு ராஜாவும் மணிரத்னமும் ஏன் சேரவில்லை?

காரணம் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், நான் அதில் இறங்குவதில்லை. நடந்தது இவ்வளவுதான்: 1983இல் கன்னடத்தில் வந்த 'பல்லவி அனுபல்லவி'யில் தொடங்கி தளபதி வரை மணிரத்னம் எடுத்த பத்துப் படத்துக்கும் ராஜாதான். 1992இல் 'ரோஜா', ஏ.ஆர். ரகுமான். யார் பெரியவர் என்ற அடுத்த கேள்விக்கு இந்தப் பக்கத்தில் இடம் இல்லை, ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது நல்ல பயிற்சி. ராஜாவிடம் நிறைய மனிதர்கள் ஒரே அறையில் சேர்ந்து மூச்சு விட்டு வாசிக்கிறார்கள். ரோஜாவில் ஒலியையே அடுக்கடுக்காகக் கட்டுகிற வேறு ஒரு உலகம். ஓராண்டு இடைவெளியில் ஒரே இயக்குநருக்கு இரண்டும் கிடைத்தது அவர் அதிர்ஷ்டம், நமக்கும்.

ஆபீஸில் ஹிந்தி நண்பர்களுக்கு ராஜாவை அறிமுகம் செய்ய வேண்டும். தளபதியில் தொடங்கலாமா?

நேராகத் தளபதி வேண்டாம். மொழி தெரியாதவருக்கு அப்பரும் போகியும் போய்ச் சேராது. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். 'சத்மா' படத்து 'ஏ ஜிந்தகி கலே லகா லே', சுரேஷ் வாட்கர் பாடி குல்ஸார் எழுதியது, பலருக்கும் மனப்பாடம். ஆனால் இசை யார் என்று கேட்டால் முழிப்பார்கள். அது 'மூன்றாம் பிறை'யின் 'பூங்காற்று புதிரானது' என்று இரண்டையும் போட்டுக் காட்டினால் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் இயக்குநர் பால்கியின் 'சீனி கம்'. அதில் 'ஜானே தோ நா' 1981 கன்னடப் படம் 'கீதா'வின் 'ஜொதெயலி', நமக்கு 'நூறாவது நாள்' படத்து 'விழியிலே மணி விழியில்'. 'பா' படத்து 'கும் சும் கும்' நமக்கு 'சங்கத்தில் பாடாத கவிதை', மலையாளத்தில் 'தும்பி வா'. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு இது போதும். எதிர் திசையில் போக வேண்டுமானால் லதா மங்கேஷ்கரின் 'வளையோசை', ஆஷா போஸ்லேயின் 'செண்பகமே' இருக்கின்றன. அவர்கள் வீட்டுக் குரல்கள் நம் மெட்டில்.

இவ்வளவும் கேட்டு அவராகவே இன்னும் இருக்கிறதா என்று கேட்டால், அப்போது சுந்தரி. ஆர்.டி. பர்மன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், எடுபடும்.

எதில் கேட்டால் நன்றாக இருக்கும்? கச்சேரியில் கேட்கலாமா?

போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். பேஸ் முழுதாகப் போய்விடும், ராஜா பாட்டில் அது போனால் தரைத்தளமே இல்லாத கட்டடம்தான் மிச்சம். ஐந்நூறு ரூபாய் வயர் இயர்போன் இருந்தால்கூடப் போதும், இரண்டு காதிலும் போட வேண்டும். வயலின் ஒரு பக்கம் வேறு வாத்தியம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள், ஒற்றைக் காதில் கேட்டால் பாதி காணாமல் போகும்.

மெல்லிசைக் குழுக்கள் சண்முகானந்தா ஹாலிலும் மற்ற இடங்களிலும் ராக்கம்மாவைப் போடாமல் விடமாட்டார்கள், கூட்டமும் எழுந்து ஆடும். ஆடுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே வயலின் கூட்டத்துக்குப் பதில் பெரும்பாலும் ஒரு கீபோர்டுதான் இருக்கும். சுந்தரியைக் கீபோர்டில் கேட்கிற அன்றைக்கு ஒரிஜினலில் என்ன இருந்தது என்பது நன்றாகவே விளங்கும், அந்த வகையில் அதுவும் ஒரு பாடம்.

லோக்கல் ட்ரெயினில் கேட்கிறவர்களுக்கு: காலை எட்டரை மணி ஹார்பர் லைனில் காட்டுக்குயிலு, ராக்கம்மா இரண்டும் தாக்குப்பிடிக்கும். யமுனை ஆற்றிலே தாக்குப்பிடிக்காது, குர்லா வருவதற்குள் காணாமல் போய்விடும். அதை ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஒன்றரை நிமிடம் வியர்த்தால் ஒன்றும் ஆகிவிடாது.